கையின் மேல் பழி

அன்புள்ள மருமகளே,

என்னோடு கோபித்துக்கொண்டு விடுதிக்குப் போனவள், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாய். அதைக் கொடுக்கத்தான் இன்று உன் அலுவலகத்துக்கு வந்தேன். வேறு காரணம் இல்லை.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே, திறந்திருந்த கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன், கேட்டேன். நூலகம் என்றார்கள், உள்ளே புத்தகமே இல்லை. அடுக்கடுக்காகக் கணினித் தகவல்களைச் சேமித்து வைக்கும் டேப் கேசட்டுகளும், அவற்றை எடுத்து வைக்கும் ஓர் இயந்திரக் கையும்தான். கை பாதியில் நின்றிருந்தது.

"கை போயிடுச்சும்மா, புதுசு மாத்திடலாம்" என்றார் உன் மேலாளர்.

"கை மேல பழி போடாதீங்க சார். முதல்ல கேசட்டைப் பார்ப்போம்" என்றாய்.

மின்சாரத்தை நிறுத்தி, சிக்கிய கேசட்டை மெல்ல உருவினாய். பழைய லேபிளை உரிக்காமல் யாரோ அதன்மேலேயே புதியதை ஒட்டியிருந்தார்கள். அந்தத் தடிப்புதான் மாட்டிக்கொண்டது. சோம்பேறி வேலை! நீ உரித்துத் துடைத்து நேராக ஒட்டியதும் கை ஓடியது.

வெளியே வந்த மேலாளரிடம் உன் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தேன். "உங்க மருமக கெட்டிக்காரி மேடம்" என்றார்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றேன்.

உன் சட்டை தொளதொளக்கிறது. விடுதியில் சாப்பிட என்னதான் போடுகிறார்கள்?

உன் மாமனார் இல்லை. உன் கணவன் கப்பலிலிருந்து வர மாதங்கள் ஆகும். நான் யாரோடு சண்டை போடுவது?

இன்றிலிருந்து வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதாக இல்லை. திருடன் புகுந்தால் பொறுப்பு உன்னுடையது.

பிடிவாதத்தில் உனக்குச் சளைக்காத,
அத்தை