எட்டாவது பலகை

மார்ச் 2
இன்றும் நானே எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில் கை நடுங்குகிறது, எழுத்து நடுங்கவில்லை. ‘ழ’ அழகாக வருகிறதாம், முதியோர் மாலை வகுப்பு ஆசிரியை சொன்னார். மகளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

மார்ச் 4
டிவியோடு இணைத்த கேம் பெட்டியில் என் மனைவி ஒரு தோட்டம் போட்டிருந்தாள். அவள் விதைப்பாள், இன்னொரு கன்ட்ரோலரில் நான் தண்ணீர் ஊற்றுவேன். பாத்திக்குப் பாத்தி பலகை நட்டு, ஏதோ எழுதி வைப்பாள். மொத்தம் பதினொன்று. எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. என்ன எழுதினாய் என்று கேட்டால், “படிச்சுத் தெரிஞ்சுக்குங்க” என்பாள்.

அவள் போய் இரண்டு வருடம். அவள் எழுதியதைப் படிக்கத்தான் வகுப்பில் சேர்ந்தேன். மகளைக்கூட அந்தப் பலகைகளைப் பார்க்க விடவில்லை.

இன்று முதல் பலகை: ‘பூசணிக் கொடி. மிதிக்காதீங்க.’
மிதித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

மார்ச் 10
நாளுக்கு ஒரு பலகை. ஏழாவது: ‘இதைப் படிச்சிட்டீங்கன்னா நான் தோத்தேன்.’ தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மார்ச் 11
எட்டாவது. ‘நான் இல்லாதப்போ’ — அதற்குள் பெட்டி சூடேறி அணைந்துவிட்டது. நான்கு முறை போட்டேன். தோட்டம் வருவதற்குள் அணைகிறது.

மார்ச் 12
ரிப்பேர்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இந்த மாடலுக்கு ஃபேன் வர்றதில்லீங்க. நாலு வருஷத்துல மூணு தடவை மாத்திட்டாங்க. ஒண்ணோட உதிரி இன்னொண்ணுல உக்காராது.”

பெயர் அதே பெயர், விளையாட்டு அதே விளையாட்டு. உள்ளே மட்டும் ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? நன்றாக இருந்தால் பொறுக்காதா?

மார்ச் 13
கடையில் புது மாடல். அட்டையில் இருந்ததை எழுத்துக் கூட்டி நானே படித்தேன்: ‘பழைய டிஸ்க்குகள் இதிலும் இயங்கும்.’ யாரையும் கேட்கவில்லை. பழைய பெட்டியைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். கண்ணாடி போடாமலே படிக்கிறேனே என்று கடைக்காரர் வியந்தார். வீடு வரும்வரை கால் தரையில் படவில்லை.

மார்ச் 14
டிஸ்க் ஓடுகிறது. தோட்டம் இல்லை. வெறும் மண்.

மார்ச் 15
தோட்டம் டிஸ்க்கில் இல்லையாம். பெட்டிக்குள் இருந்ததாம். கடைக்கு ஓடினேன்.
“பழைய பெட்டியை வாங்கின அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிருவோம் ஐயா. உள்ள என்ன இருந்துச்சு?”


மகள் திட்டவில்லை. “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா.”
“நானே படிச்சேன்மா.”


மார்ச் 22
இல்லாதப்போ என்ன? தண்ணி ஊத்தணுமா? நேரத்துக்குச் சாப்பிடணுமா? அழக்கூடாதா? என்னடி சொல்ல வந்த?

ஏப்ரல் 19
இன்னும் மெலிதாக ஒரு மாடல் வந்திருக்கிறதாம். மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கடையிலிருந்து செய்தி. முழுதாகப் படித்தேன். அழித்தேன்.

புதுப் பெட்டியின் வெறும் மண்ணில் பூசணி விதைத்து, பதினொரு பலகை நட்டிருக்கிறேன். ஏழில் அவள் வார்த்தைகள், என் எழுத்தில். எட்டாவதில் ‘நான் இல்லாதப்போ’. மீதி மூன்றும் காலி.

மகள் பார்த்தாள். “எட்டாவதை முடிச்சு எழுதுங்களேன்பா. இப்பதான் எழுதத் தெரியுமே.”

தெரியும் என்றேன். பூசணிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.