தபாலட்டையில் பதினாலு பெயர்

1986 ஆவணி 12, செவ்வாய்

கச்சான் காற்று. சைக்கிள் கடை முழுக்கப் புழுதி. காலையிலிருந்து ஐந்து பங்சர், ஒரு செயின்.

ஞாயிறு கிளிநொச்சியில் பார்த்த படம்: சண்டை மட்டும் தேறும். பன்னிரண்டு பேரை ஒருவனே அடிக்கிறான், சட்டை கசங்கவில்லை. எனக்கு அதுதான் வேண்டும். அழுகைக் கட்டம் வந்தால் வெளியே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். பாட்டு மூன்று நல்லது. நாலாவதை வயலின் போட்டே கொன்றிருக்கிறார்கள்.

சலூன் ராசன் என் நடிகரைக் கிழடு என்றான். "விக்கைக் கழட்டினால் உன்ர ஆளைப் பேரப்பிள்ளையும் மதியாது." கன்னத்தைப் பொத்தி ஒன்று விட்டேன். உதடு கிழிந்தது. அவன் சவரக் கத்தியைத் தூக்கினான். பாலன் நடுவில் பாய்ந்திராவிட்டால் இரத்தக்களரிதான். பாலன் என் கூட்டாளி, பக்கத்துப் பலசரக்குக் கடையில் மூட்டை தூக்குகிறவன். "படத்துக்காகச் சாகிறதே, விசரா?" என்று கேட்டான். ஓம், சாகலாம். அவனுக்கு என்ன தெரியும்.

பின்னேரம் வானொலிக்குத் தபாலட்டை எழுதினேன். மேலே விரும்பிய பாட்டு, கீழே கேட்பவர்களின் பெயர். பெயர் கூடினால்தான் மதிப்பு. போன கிழமை புளியங்குளத்தார் பதினொரு பெயர் வாசிக்க வைத்தார்கள், மானம் போச்சு. நாங்கள் பதினாலு. பதினாலுக்கு ஆள் காணாமல் பாலனின் தாய் தங்கம்மா மாமியையும் சேர்த்தேன். எடுப்பாக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு பட்டம்: புயல் பாலன், மின்னல் ரவி, கப்டன் சிவா (கரப்பந்துக்கு அவன்தான் தலைவன்). நான் இடி தாசன்.

13, புதன்

விளக்கைத் தணித்துவிட்டு எழுதுகிறேன். எழுத்து எப்படி வந்தாலும் வரட்டும்.

பத்து மணிக்குப் பாலன் தபாலட்டையைப் போடக் கொண்டு போனான். சந்தியில் இராணுவச் சோதனை. என் கடையிலிருந்து நேரே தெரியும். அவன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு சீருடைக்காரன் பெயர்களை உரக்க வாசித்தான்.

"புயல் ஆரு? கப்டன் ஆரு? சொல்லு!"

"ஐயா, பாட்டுக் கேக்கிற ஆக்கள் ஐயா... ரேடியோவுக்கு..."

தோளில் கிடந்த துவக்கின் பிடியால் வாயில் ஒரு அடி. படத்தில் வருகிற சத்தம் ஒன்றும் வரவில்லை. ஈரச் சாக்கை நிலத்தில் போட்ட மாதிரி. விழுந்தவனின் முதுகில், முழங்காலில், பிறகு தலையில். ஜீப்புக்குள் இழுத்துப் போட்டார்கள். தார் றோட்டில் இரண்டு பல் கிடந்ததாம்.

ஆயுத இயக்கக்காரரின் பெயர்கள் என்று நினைத்துவிட்டார்கள். பதினாலு பேர், பட்டங்கள், அதற்குள் ஒரு கப்டன். வேறென்ன நினைப்பான்?

நான் ஸ்பானரும் கையுமாக டயர்களுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அது நான் எழுதினது என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. த்தூ.

14, வியாழன்

ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் இராணுவக் காம்ப் வரை போய் வந்தார். பாலன் உயிரோடு. தான்தான் எழுதியது என்கிறானாம். எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பொருந்தவில்லை. அதற்கும் அடி. விரல்களுக்குச் செய்ததை இங்கே எழுத மாட்டேன்.

நாளை எட்டு மணிக்கு ஊர் இளைஞர் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். அதே பதினாலு பெயரையும் எழுதிக் காட்ட வேண்டும். எழுதியவன் அகப்பட்டால் பாலனை விடுவார்களாம். "அப்பிடித்தான் சொல்லுறாங்கள் தம்பி, நான் பொறுப்பில்லை," என்றார் விதானையார்.

கப்டன் சிவா காட்டுக்குள். மின்னல் ரவியைக் காணோம்.

இடக்கையால் எழுதிப் பழகினேன். எட்டுத் தாள். கோழி கிண்டின மாதிரி. என் எழுத்து என்று ஒருவனும் சொல்ல மாட்டான்.

மத்தியானம் ராசன் வந்தான். உதடு இன்னும் வீக்கம். கடைக் கதவைப் பாதி சாத்தினான்.

"மச்சான், வலக்கையைக் கல்லிலை வை. சுத்தியலாலை ஒரு போடு. முறிஞ்ச கையாலை எழுதச் சொல்ல மாட்டாங்கள்."

பகிடி இல்லை. வைத்தேன். அவன் ஓங்கிவிட்டான். அப்போதுதான் தங்கம்மா மாமி உள்ளே வந்தா.

"தம்பி, என்ர பெயரும் அதிலை இருக்காம்?"

"ஓம் மாமி. ஆள் காணாமல் நான்தான்..." அவ்வளவும் சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினேன்.

"நேற்றே தெரியும். நீ எழுதினது எண்டு பாலன் சொல்லேல்லை. நானும் சொல்ல மாட்டன்." சுத்தியலைப் பார்த்தா, என் கையைப் பார்த்தா. "பிள்ளைக்குச் சோறு குடுத்தாங்களோ தெரியாது," என்றுவிட்டுப் போய்விட்டா.

ராசன் சுத்தியலைக் கீழே போட்டான். நான் ஓங்கி அழுதேன். அழுகைக் கட்டம் என்று நான் எழும்பிப் போன படங்கள் எத்தனை.

15, வெள்ளி

காற்று அடங்கிவிட்டது. இடக்கைத் தாள் எட்டையும் குசினி அடுப்பில் போட்டேன். இந்த நாட்குறிப்புக் கொப்பியை ராசனிடம் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வலக்கையால்தான் எழுதப் போகிறேன். பயம். கக்கூசுக்கு மூன்று தரம் போய் வந்தேன். எந்தக் கதாநாயகனும் இப்படிப் புறப்பட்டு நான் பார்க்கவில்லை.

ஏழரை. வாசல் படலையில் மாமி. கையில் சோற்றுப் பார்சல் இரண்டு. ஒன்று பாலனுக்கு. மற்றது எனக்காம்.