ரோசலி நீட்டிய முள்ளங்கிச் செண்டு

நெப்ராஸ்கா
பிப்ரவரி 1978, ஞாயிறு மாலை

அன்பு மகள் மார்லீனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த ஜெர்மன் குளிரில் ராணுவ ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்வரும் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் சாப்பிட உட்காரும்போது வேண்டிக்கொள்கிறோம். நீ அனுப்பிய சாக்லேட் வந்து சேர்ந்தது, உன் அம்மா அதை எனக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறாள். இங்கே பனி இன்னும் வாசலை விட்டுப் போகவில்லை, நம் பழைய வண்டி காலையில் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. உடம்புக்குக் குறையில்லை என்றேன், மனசு அப்படியில்லை மார்லீன். உன் தம்பி ரஸ்ஸல் விஷயத்தில் ஒரு வேண்டாத வேலை செய்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்க முடியாமல் இருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பெண்கள் பையன்களைக் கூப்பிடும் அந்த நடனம் இந்த வருடமும் வந்தது. கூப்பிடும் பையனுக்குக் காய்கறிச் செண்டு கொடுக்கும் வழக்கப்படி நீகூட ஒரு வருடம் காரட்டையும் கோஸ் இலையையும் வைத்துச் செண்டு கட்டி, அது வாடக்கூடாது என்று ஃப்ரிட்ஜிலிருந்த என் பீரையெல்லாம் எடுத்து வெளியே வைத்தாயே, அதே நடனம்தான். ரஸ்ஸலின் கூட்டாளிகள் எல்லாரையும் யாராவது ஒருத்தி கூப்பிட்டாயிற்று, நம் பையனை மட்டும் ஒருத்தியும் கேட்கவில்லை. தொலைபேசி மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்பான், எனக்கு என்று தெரிந்ததும் என் கையில் தந்துவிட்டு மாடி ஏறிவிடுவான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. உன் அம்மாவிடம் சொன்னதற்கு, நீங்க டிராக்டர் பாகம் விக்கிற வேலையைப் பாருங்க, பிள்ளைங்க விஷயத்துல மூக்கை நுழைக்காதீங்க என்றாள். நான் கேட்டேனா? முடி வெட்டிக்கொள்ளும் சாக்கில் நேரே எமிலின் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அவன் மகள் கான்னியும் ரஸ்ஸல் வகுப்புதானே. கத்தரிக்கோல் காதருகில் இருக்கும்போதே, உன் பொண்ணு இன்னும் யாரையும் கேக்கலன்னா எங்க பையனைக் கேக்கச் சொல்லேன்பா என்று போட்டுவிட்டேன். அவனும், அதுக்கென்ன, சொன்னா கேப்பா, நீ தலையை ஆட்டாம இரு என்றான். மறுநாளே கான்னி கேட்டாள், இவன் சரி என்று சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் அவன் விசில் அடித்துக்கொண்டே வாசலில் பனியை வாரிக் கொட்டியதைப் பார்த்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையே பள்ளிக்கூடத்தில் மாணவர் கலைவிழா. விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. கால்பந்துப் பையன்கள் வழக்கம்போல அம்மாக்களின் கவுனை மாட்டிக்கொண்டு ஆடினார்கள், ஒருவன் தலைமை ஆசிரியர் மாதிரியே நடந்து காட்டினான், உன் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ரஸ்ஸலுக்குத் திரை இழுக்கும் வேலை. அப்புறம் நோவோட்னி வீட்டு ரோசலி அக்கார்டியனோடு வந்தாள், அவள் உயரத்துக்கு அந்தப் பெட்டி பெரிதுதான், ஆனால் வாசித்த வாசிப்பில் எங்கள் வரிசையில் எல்லார் காலும் தானாகத் தாளம் போட்டது. முடித்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓரத்துக்குப் போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ரஸ்ஸலைக் கையைப் பிடித்து நடு மேடைக்கு இழுத்து வந்தாள். பையிலிருந்து ஒரு செண்டை எடுத்தாள். முள்ளங்கியை ஒவ்வொன்றாகப் பூ மாதிரி செதுக்கி, பச்சை ரிப்பன் கட்டியிருந்தாள். மைக்கில், ரஸ்ஸல், இத்தனை நாளா திரையை இழுத்து இழுத்து ஓஞ்சு போயிருப்ப, அடுத்த சனிக்கிழமை என்கூட டான்ஸுக்கு வர்றியா என்று கேட்டாள். கூடமே கைதட்டியது. நான் மட்டும் நாற்காலியில் உறைந்துபோனேன்.

அவன் முகம் சிவந்து, அப்புறம் வெளுத்துப்போனது. மெதுவாகத்தான் சொன்னான், பாழாய்ப்போன மைக் அதையும் பிடித்துக்கொண்டது. நான் ஏற்கெனவே கான்னிகிட்ட வரேன்னு சொல்லிட்டேன். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். ரோசலி, பரவால்ல என்று சொல்லி, செண்டை மறுபடி பைக்குள் வைத்து, அக்கார்டியனை மாட்டிக்கொண்டு சபைக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போனாள். உன் தம்பிதான் அவளுக்குப் பின்னால் திரையை இழுத்து மூடவேண்டியிருந்தது. வண்டியில் வரும்போது உன் அம்மாவிடம் நான் செய்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலாம். அவன் அந்தப் போன்கிட்ட யாருக்காக நின்னுட்டிருந்தான்னு நெனச்சீங்க, ஒத்திகையில அந்தப் பொண்ணுகூடப் பேசினதைத் தவிர இந்த மாசம் வேற எதையாவது வீட்டுல வந்து சொன்னானா என்றாள். நான் கவனிக்கவே இல்லை மார்லீன். இனி ரோசலி கேட்கமாட்டாள் என்று நினைத்துத்தான் அவன் கான்னிக்குச் சரி சொல்லியிருக்கிறான்.

ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன், அது இரண்டாவது தப்பு. நேற்று கண்ணாடி முன் அவன் டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் எமிலிடம் பேசியதைச் சொன்னேன். அவன் திரும்பவே இல்லை. அப்ப கான்னிக்கும் இஷ்டம் இல்லையா என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். ஏம்ப்பா, என்னை யாருமே கேக்கமாட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டீங்களா என்றான். வாக்குக் கொடுத்தது நான்தானே என்று கான்னியோடு போனான். பிள்ளைகளைக் கண்காணிக்கப் பெற்றோர் சிலர் போகவேண்டும், இந்த முறை நானும் உன் அம்மாவும் போய்ப் பழரச மேஜையில் நின்று கோப்பையில் ஊற்றிக் கொடுத்தோம். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் மரியாதையாக ஆடின. கான்னி கோப்பை வாங்க வந்தபோது, அங்கிள், நான் வேற ஒருத்தனைக் கேக்க இருந்தேன் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். ஒரே கல்லில் மூன்று பிள்ளைகளை அடித்திருக்கிறேன்.

இன்று மதியம் வாசல் மணி அடித்தது. ரோசலிதான், ஒரு தட்டு கொலாச்சி ரொட்டியோடு நின்றாள். பிளம் வைத்தது, அம்மா கொடுத்துவிட்டார்கள் என்றாள். ரஸ்ஸல் மாடியிலிருந்து இறங்கி வந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை, முதலில் என்னைப் பார்த்தான். இவங்க வீட்டுலயும் போய்ச் சொன்னீங்களா என்று கேட்டான். சத்தியமாக இல்லை என்றேன், உண்மையும் அதுதான், ஆனால் அவன் நம்பவில்லை. அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தட்டை என் கையில் கொடுத்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பாக்கலாம் ரஸ்ஸல் என்று சொல்லிவிட்டுப் பனியில் இறங்கிப் போய்விட்டாள். அவளாகவே வந்தாள், மார்லீன். முதல்முறையும் அவளாகத்தான் வந்தாள். இரண்டு முறையும் நான் குறுக்கே நின்றேன். ரொட்டியை இன்னும் யாரும் தொடவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், ஈரக் காலுறையோடு தூங்காதே, கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரே ஒரு உதவி. ரஸ்ஸலுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, நீ சொன்னால் கேட்பான். ரோசலி தானாகத்தான் வந்தாள், போய்ப் பேசு என்று எழுது. நான் எழுதச் சொன்னேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

இப்போது அந்த வரியை நானே படித்துப் பார்த்தேன். பட்டும் புத்தி வரவில்லை பார். அப்பா சொல்லித்தான் எழுதுகிறேன் என்று முதல் வரியிலேயே எழுதிவிடு. நான் இப்போதே மாடிக்குப் போய், உனக்கு இப்படி எழுதியிருக்கிறேன் என்று அவனிடமும் சொல்லிவிடுகிறேன்.

என்றும் உன் நலம் விரும்பும்
அப்பா