‘கல்’ என்றால் நாளை

செப்டம்பர் 8, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. எங்கள் லம்பா லைன் தெரு முழுக்கச் சேறு. துவைத்த துணி இன்னும் ஹாலில் கொடியில். வீடே ஈர வாடை.

வாங்க வேண்டியது: கிரீஸ், இன்ஜின் சீல், கொசுவத்தி, வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து. சீல் மட்டும் கப்பல் வந்தால்தான். கப்பல் எப்போது என்று கேட்கக் கூடாது.

அபர்டீன் பஜாரில் எங்கள் ரிப்பேர் கடையில் ஈ ஓட்டுகிறோம். சீசன் தொடங்கும் வரை தீவில் உள்ள வாட்டர் ஸ்கூட்டர்கள் எல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கும். இந்த நேரத்தில்தான் எனக்குப் பனிவண்டிப் பைத்தியம் முற்றுவது. காலையில் இட்லிக்கு நடுவே போனில் ஸ்னோமொபைல் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல: “பனியே பாக்காதவளுக்குப் பனிவண்டி எதுக்குட்டி?”

எத்தனை தடவை சொல்வது. வாட்டர் ஸ்கூட்டர், பனிவண்டி இரண்டையும் செய்வது அதே கம்பெனிகள்தான். புது இன்ஜினை முதலில் பனியில் ஓட்டிப் பார்ப்பான். அங்கே பிழைத்தால் பிறகு கடலுக்கு இறக்குவான். அங்கே இந்தக் குளிருக்கு என்ன மாடல் என்று தெரிந்தால் இங்கே என்ன ஸ்பேர் வாங்கி வைப்பது என்று தெரியும். இப்படித்தான் கடை ஓடுகிறது. அவருக்கு இது கிளி ஜோசியம்.

சிரிக்காத ஒரே ஆள் சேகர் அண்ணன். பார்ட்னர் என்பதால் மட்டும் இல்லை, அவருக்கும் பைத்தியம் உண்டு. சாயங்காலம் சமோசாவோடு வழக்கமான கச்சேரி. கம்பெனிகளின் பேரைக் கடையில் சொல்வதில்லை, நிறம்தான் எங்கள் பாஷை. நான் இரண்டு வருடமாகச் சொல்வது: சிவப்பும் வெள்ளையும் கூட்டுச் சேரப்போகிறார்கள். இரண்டு பேரின் பனிவண்டியிலும் ஹேண்டில் ஒரே அச்சு.

“பக்காவா மா?”

“பக்காண்ணே.”

“உன் திமாக்குக்கு கம்பெனிக்காரன் சம்பளம் குடுக்கணும் மா. சச்சி.” அண்ணனுக்கு மூளை எப்போதும் திமாக்தான், நிஜமாக என்றால் சச்சி.

இந்த வாரம் சிவப்புக் கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வருகிறார். தீவுக்கு ஒரு டீலர் போட. இங்கே ஓடுவது பெரும்பாலும் வெள்ளை. இரண்டும் சேர்ந்துவிட்டால் எல்லா வண்டியும் அந்த ஒரு டீலரிடம்தான் வர வேண்டும். அந்த டீலர் நாங்கள். சமோசாப் பேப்பரில் அண்ணன் போர்டு எழுதிக் காட்டினார்: சேகர் – வசந்தி. என் பேர் முன்னால் வேண்டும் என்றேன். அடித்துத் திருப்பி எழுதினார். சிரிப்பு. அப்புறம் வீட்டுக்குப் போக பாம்பூஃப்ளாட் ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று சாத்தம் ஜெட்டிக்கு ஆட்டோ பிடித்து ஓடினார். பேப்பர் என் பர்சில். பர்சில் எண்ணெய்.

கடைசியாக என் பேர் எந்த போர்டில் வந்தது? கல்யாணத்தில். அதுவும் தெர்மாகோல்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை கொஞ்சம் விட்டது. துணி காயவில்லை.

மோட்டார் படகு வைத்திருக்கும் ராவ் வந்து இன்ஜின் எப்போது கிடைக்கும் என்றார். அவசரத்தில் நாளைக்குக் கிடைக்கும் என்பதற்கு “கல் மில் கயா” என்று சொல்லித் தொலைத்தேன். நேற்றே கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ராவ் சிரித்த சிரிப்பில் கடையே ஆடியது. அண்ணன் விடுவாரா? பழைய கதையை ராவிடம் மறுபடி அவிழ்த்துவிட்டார்.

நான் தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல் என்று தெரியாது. ஒரு கஸ்டமரிடம் போனில் “கல் ரெடி” என்றேன். நான் சொன்னது நாளைக்கு. அந்த ஆள் நேற்றே ரெடி என்று எடுத்துக்கொண்டு கொட்டும் மழையில் ஃபெர்ரி ஏறி வந்துவிட்டார். இன்ஜின் தரையில் துண்டு துண்டாக. அன்றிலிருந்து நான் ‘கல் மேடம்’.

அண்ணன்தான் அப்போது பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் தாத்தா காலத்திலிருந்து தீவு. இந்திதான் அவருக்கு முதலில் வரும், தமிழ் பின்னால். “இங்க வெறும் கல் சொல்லாத வசந்தி. கூடவே ஒரு வெர்ப் போடு. வரும்னா ஆயேகா, முடிஞ்சுதுன்னா ஹோ கயா, ஏதோ ஒண்ணு. இல்லன்னா எதிராளி அவனுக்குத் தோதான நாளை எடுத்துப்பான்.”

இன்றைக்கும் அதையே ராவ் முன்னால் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

செப்டம்பர் 10, புதன்

மறுபடி மழை. சென்னைக்காரர் வந்து இறங்கிவிட்டார்.

ஏர்போர்ட்டுக்கு அண்ணன் மட்டும் போனார். “ரெண்டு பேரும் போனா கடை பந்த் மா.” நியாயம்தான். மதியம் போன்: பனிவண்டி விஷயம் முழுவதையும் பேசி வாய்ஸ் மெசேஜாக அனுப்பு, நான் சொன்னால் குளறுபடி ஆகும், உன் வாயாலேயே சார் கேட்கட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து பேசினேன். ஹேண்டில் அச்சு, இன்ஜின் மூடி, எந்த மாடல் பனியில் முதலில், எது கடலுக்கு வரும், எல்லாம். நடுவே குக்கர் விசில். மறுபடி பேசலாம் என்று பார்த்தேன், அதற்குள் அனுப்பிவிட்டேன். அண்ணன் கட்டைவிரல் போட்டார்.

பெருமையாக இருந்தது என்பதை இங்கே எழுதினால் யாரும் பார்க்கப்போவதில்லை. பெருமையாக இருந்தது.

பருப்பு குழைந்துவிட்டது.

செப்டம்பர் 11, வியாழன்

புழுக்கம். மழை வருவதுபோல் வந்து ஏமாற்றியது.

அண்ணன் கடைக்கு வரவில்லை. சாரோடு சுற்றுகிறார் போல.

காலையில் ஒரு புதுப் படம் கண்ணில் பட்டது. எங்கோ வடக்கே, மரத்துக்குப் பின்னால் ஒளிந்து யாரோ எடுத்தது. வெள்ளைக் கம்பெனியின் அடுத்த பனிவண்டி. முழுக்க டேப் ஒட்டி மறைத்திருந்தான். கிளட்ச் மூடியை மட்டும் மறைக்க மறந்துவிட்டான். அது சிவப்பின் மூடி இல்லை. கறுப்புக் கம்பெனியுடையது. பெரிதாக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன்.

வெள்ளை கறுப்போடு போகிறான். அப்படியென்றால் சிவப்பு தனி. சிவப்புக்கு டீலராக இருந்து என்ன செய்வது, தீவில் சிவப்பு வண்டி விரல்விட்டு எண்ணலாம். ஊகம்தான். இதற்கு முந்தினதும் ஊகம்தான், ஆனால் அது பிடித்த ஊகம், இது பிடிக்காத ஊகம்.

கையெழுத்துக்கு முன்னால் அண்ணனிடம் சொல்ல வேண்டும். ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லலாம். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், கட் செய்தார். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல்.

“அண்ணே, ஒரு முக்கியமான…”

“கல் சைன் மா. அப்புறம் பேசறேன்.”

கட்.

சரி. நாளைக்குத்தானே. கையெழுத்து போடும் முன் நேரில் சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “லீவு போட்டு வரட்டுமாட்டி?” என்றார். அதிசயம். வேண்டாம் என்றேன்.

நாளைக்கு: நீலக் காட்டன் சேலை, குடை, ஆதார், நல்ல பேனா.

செப்டம்பர் 12, வெள்ளி

சேலைக்கு அயர்ன் போடும்போது தலைக்கு மேல் காலை ஃப்ளைட். ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. இந்த வீட்டில் இதுவே பிழைப்பு என்று திட்டினேன். அந்த ஃப்ளைட்டில்தான் சென்னைக்காரர் போனார். அப்போது தெரியாது.

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன், சேலை கசங்கக் கூடாதே என்று. சென்னைக்காரர் தங்கிய ஹோட்டல் ரிசப்ஷனில் சுனிதா. ராஞ்சிக்காரப் பெண், கடையில் பழக்கம். சார் எந்த ரூம் என்றேன்.

“சாப் தோ நிகல் கயே, தீதி.”

கிளம்பிவிட்டாரா? சைன் இருக்கிறதே?

“சைன் தோ பர்சோ ஹோ கயா. மிட்டாயி பீ பாட்டா சேகர்ஜி நே.”

முந்தாநாளே முடிந்துவிட்டதாம். ஸ்வீட்டும் கொடுத்தாராம். பர்சோவும் கல் மாதிரிதான், முந்தாநாளும் அதுவே, நாளை மறுநாளும் அதுவே. ஆனால் சுனிதா கூடவே வெர்ப் போட்டுச் சொன்னாள். ஹோ கயா.

அதோடு விட்டிருக்கலாம். பாவம், சந்தோஷமான செய்தி என்று நினைத்து மேலும் சொன்னாள். சேகர்ஜி லாபியில் போனை மேஜையில் வைத்து ஒரு பெண் குரலைப் போட்டாராம். நடுவே குக்கர் சீட்டி அடிக்க, சாப் விழுந்து விழுந்து சிரித்தாராம். யார் என்று கேட்டதற்குச் சேகர்ஜி சொன்னது: “துகான் கி லட்கி ஹை. சப் மைனே ஸிகாயா.” கடையில் வேலை பார்க்கும் பெண். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது.

அது என் குரல் என்று சுனிதாவுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா தீதி என்றாள். குடித்தேன்.

மழையில் கடைவரை நடந்தேன். குடை கையில் இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை.

அண்ணன் வியாழக்கிழமை சொன்ன கல்லுக்கு அர்த்தம் நேற்று. நான் கேட்ட கல் நாளை. தவறிச் சொல்லிவிட்டார் என்று சாயங்காலம் வரை எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். முடியவில்லை. வெறும் கல் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த ஆள். எனக்குத் தோதான நாள் எது என்று அவருக்குத் தெரியும்.

இனி பேரை முழுதாக எழுதக் கை வரவில்லை. சே. என்றே எழுதுகிறேன். வாசித்துப் பார்த்தேன். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

வெயில்! துணி எல்லாம் மாடியில்.

சே. வந்தார். கையில் ரசகுல்லா டப்பா. எப்போதும் உட்காரும் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“நான் கல்னுதானே மா சொன்னேன். நீ தப்பா எடுத்துக்கிட்ட.”

“வெர்ப் எங்கண்ணே?”

“என்ன?”

“கல்லுக்குப் பின்னாடி வெர்ப் எங்க போச்சுன்னு கேக்கேன்.”

டப்பாவின் ரப்பர் பேண்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆரம்பித்தார். கம்பெனிக்கு ஒரே பேர்தான் வேண்டுமாம். உன் ஹஸ்பண்ட் கவர்மென்ட் சர்வீஸ், உன் பேர் போட்டால் அவருக்குத்தான் லஃப்டா, வில்லங்கமாம். என் நல்லதுக்காம். “போர்டுல பேர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன மா. நீ எப்பவும் போல கவுண்டர் பாத்துக்க. பனிவண்டி பாத்து எனக்குச் சொல்லு. நமக்குள்ள என்ன?”

“கடைப் பொண்ணுன்னு சொன்னீங்களாமே.”

ஹோட்டல்காரர்கள் எல்லாரும் வம்பு பேசுகிறவர்கள் என்று ஏதோ முனகினார்.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவமானம். அவர் முன்னால் அழுததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கூட்டாளி என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அண்ணே அண்ணே என்று வேறு.

கிளட்ச் மூடி படம் போனில்தான் இருந்தது. காட்டவில்லை. கேட்கவும் இல்லை அவர்.

ரசகுல்லாவை எதிர்க்கடைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். சமோசாப் பேப்பரைக் கிழிக்க எடுத்தேன். எண்ணெயில் ஊறிப்போய் கிழியக்கூட இல்லை, வழுக்குகிறது. குப்பையில்.

செப்டம்பர் 15, திங்கள்

தூறல். கடைக்குப் போகவில்லை. சாவி சே.யிடம் ஒன்று இருக்கிறது, திறந்துகொள்ளட்டும்.

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். “அந்த மூடிப் படத்தைக் காட்டு” என்று மட்டும் கேட்டார். கண்ணாடி போட்டு வெகு நேரம் பார்த்தார். “ஆமாட்டி, வேற மாதிரிதான் இருக்கு.” இத்தனை வருடத்தில் அவர் உட்கார்ந்து பார்த்த முதல் பனிவண்டி.

கப்பல் வந்துவிட்டதாம். சீல் யார் எடுப்பார்களோ.

மதியம் சே. போன். சாத்தம் ஜெட்டியிலிருந்து, ஃபெர்ரி ஹாரன் கேட்டது. குரலில் பதற்றம், ஆனால் பழைய தேன்.

“வசந்தி, என்னமோ வெள்ளைக் கம்பெனிக்காரன் கறுப்போட போறான்னு மெயின்லேண்ட்ல பேச்சாம். சார் என்னையக் கேக்கறாரு. ஜூட்தானே மா, பொய்தானே? நீ எதாவது பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்போ?”

“நீங்க என் போனை கட் பண்ணப்போ.”

ஹாரன். ஆட்கள் கத்தும் சத்தம்.

“சரி சரி. அந்த போட்டோ இருந்தா அனுப்பு. கூடவே பேசியும் அனுப்பு மா, சாருக்குப் புரியற மாதிரி. எப்போ அனுப்புவ?”

“கல்.”

அந்தப் பக்கம் இன்ஜின் இரைச்சல். ஃபெர்ரி நகர்ந்திருக்கும்.

“கல்னா… நாளைக்கா மா? நேத்தேவா?”

“தோதான நாளை எடுத்துக்கோங்கண்ணே.”