கோல்கீப்பர் எந்த ஊர்?

ஜனவரி 11, ஞாயிறு

உறைபனி. வாசல்படியில் மகள் வாசுகி உப்புத் தூவிவிட்டு ஷிப்டுக்குப் போனாள். இரத்த அழுத்தக் குளிசை முடியப்போகிறது. ஜி.பி. டொக்டருக்குப் போன் எடுக்கவேண்டும். எடுக்கவில்லை.

பின்னேரம் பாலா வீட்டில் கழகக் கூட்டம். பாலா எங்கள் கொன்றையடி விளையாட்டுக் கழகத்தின் லண்டன் கிளைத் தலைவர். மோர்டனில் பலசரக்குக் கடை. கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். கோடையில் நடக்கும் ஊர்க் கழகங்களின் உதைபந்தாட்டப் போட்டிக்கு ஆட்கள் எடுப்பதுதான் பேச்சு.

எடுத்திருப்பது:

பாரிஸ் பெடியன். முன்னுக்கு நின்று அடிப்பவன். ரயில் ரிக்கெட், தங்க இடம், ஒவ்வொரு மாட்சுக்கும் கையில் காசு.

சுவிஸ்காரர், நடுவுக்கு. வயது போய்விட்டது. இரண்டு முழங்காலிலும் பட்டி. அவருக்கும் விமான ரிக்கெட்.

கோல்கீப்பர் இல்லை. அதற்குக் காசும் மிச்சம் இல்லை.

பாரிஸ்காரன் போன கோடையில் அடித்த கோல் எல்லாம் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. எல்லாமே இடது கால். ஒன்றைத் தவிர மற்றவை தோற்று வீட்டுக்குப் போகிற ரீமுக்கு எதிராக அடித்தது. தலையால் அடிக்கும்போது கண்ணை மூடுகிறான். அவனுக்கு அவ்வளவு கொடுப்பது வீண் என்று சொன்னேன்.

"மயிலண்ணை, நீங்கள் பழைய ஆள். இப்ப அடிக்கிறவனுக்குத்தான் விலை."

"போன பைனலில நாங்கள் மூண்டு அடிச்சனாங்கள், பாலா. விட்டது நாலு."

 அவ்வளவில் சாப்பிட ரோல்ஸ் வந்தது.

அடிப்பவனின் படம் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றும். பிடிப்பவனின் படம் விட்டால் மட்டும் வரும். அதனால் அந்த இடத்துக்கு ஒருவரும் காசு வைப்பதில்லை.

போகும்போது பாலா வாசலில் மறித்தான். கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்கிற இடத்தில் ஒரு பெடியன் இருக்கிறானாம். அகதிகளை வைத்திருக்கிற ஹோட்டலில். வன்னிப் பக்கம், தாய்வழி எங்கள் ஊர் என்று கதை. நல்ல கோல்கீப்பராம். "சனிக்கிழமை ஏத்திக்கொண்டு போறன். ஆளை ஒருக்கால் பாருங்கோ."

ஆட்டத்தை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. இந்தப் போட்டியில் விளையாடுகிறவன் அந்தந்த ஊர்க்காரனாக இருக்கவேண்டும். அவன் இல்லாவிட்டால் தாய் தகப்பன், அதுவும் இல்லாவிட்டால் அப்பப்பா அம்மம்மா. சந்தேகம் வந்தால் பதிவு நாளில் அந்த ஊர்ப் பெரியவர் எழும்பிச் சொல்லவேண்டும். கொன்றையடிக்கு நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எழுதிப் பழகாததால் எல்லாவற்றையும் தலையிலேயே வைத்தேன், அது அங்கேயே இருந்துவிட்டது. இந்தக் கொப்பியில் எழுதப் பழகியது வயது போன பிறகு, மகளிடம். முன்பு ஒரு தடவை எங்கள் கழகம் கொண்டுவந்த ஆளையே எங்கள் ஊர் இல்லை என்று சொன்னவன். அதனால் மற்ற ஊர்க்காரரும் என் சொல்லை எடுக்கிறார்கள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மழை. பால் பொங்க விடாமல் மகள் அடுப்பைக் குறைத்தாள், புகை மணி அடித்துவிடுமாம். அப்படியும் அடித்தது. கதிரையில் ஏறித் துவாயால் விசிறினாள்.

குளிசை வந்துவிட்டது.

ஜனவரி 17, சனி

பார்க்கிங். போகும் வழியெல்லாம் பாலா கப்பைப் பற்றியே கதை. கடைக் கண்ணாடிக்குள் எந்தத் தட்டில் வைப்பது என்பதுவரை.

பெடியனின் பெயர் நிரோஷன். மெலிந்த உடம்பு, நீண்ட கை. போட்டிருந்த ஜாக்கெட் பாலா முன்பே வாங்கிக் கொடுத்தது. பூங்காவில் பாலா தன் மருமக்களை நிறுத்தி அடிக்கச் சொன்னான். சேற்றுத் தரை. நான் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன், பின்னால் நின்றால்தான் கோல்கீப்பர் தெரியும். இவன் பாயவே இல்லை. பந்து வருமுன் அங்கே நிற்கிறான். பாய்கிறவன் பிந்தியவன். இவன் பிந்தவில்லை. இப்படி ஒருவனைப் பார்த்து எத்தனையோ காலம்.

பிறகு கடையில் தேத்தண்ணி. தகப்பனும் தாயும் சண்டையின் கடைசிக் காலத்தில் ஷெல் குண்டு விழுந்து போய்விட்டார்கள். அப்போது இவன் சின்னப் பிள்ளை. அம்மம்மா வளர்த்தாள், அவளும் போன பிறகு வவுனியாவில் பிள்ளைகள் இல்லம். இங்கே அகதிக் கேஸ் நடக்கிறது, வேலை செய்ய அனுமதி இல்லை.

பாலா காசு பற்றித் தொடங்கினான். பெடியன் அதைக் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பினான்.

"ஐயா, உங்களுக்குப் பழைய ஆக்களைத் தெரியுமாம். என்ர அம்மம்மா பூரணம். ஊரில வாய்க்காலடியில வீடு எண்டு சொல்லுவா. ஊரின்ர பேர் எனக்கு நினைவில்லை. அவவின்ர ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

வாய்க்காலடி. பூரணம். எங்கள் ஊரில் ஒரு பூரணம் இருந்தாள். கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக் குடியேற்றத்துக்குப் போனவள். அதைச் சொன்னேன்.

பாலா மேசையில் தட்டினான். "முடிஞ்சுது. எங்கட பெடியன்." அங்கேயே போனில் பெயரைப் பதிந்தான்.

பெடியன் தேத்தண்ணியைத் தொடவில்லை. வீடு வாய்க்காலின் எந்தப் பக்கம், வாசல் எந்தப் பார்வை, வேலி என்ன வேலி என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் பல் விளக்கும்போது பிடிபட்டது. எங்கள் பூரணத்துக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளை இல்லை. இவனுக்கு அவள் தாயின் தாயாக எப்படி இருக்க முடியும்?

வாயில் பற்பசையோடு நின்றேன். நேற்று இது ஏன் வரவில்லை? கோல்கீப்பர் வேண்டும் என்று இருந்தது, அதுதான்.

பாலா வாட்ஸ்அப்பில் படம் போட்டிருக்கிறான். எங்கள் சிவப்பு மேல்சட்டையோடு நிரோஷன். கீழே நிறைய வாழ்த்து. ஒருவர் எழுதியது: வீட்டுக்கு வந்த பிள்ளை. மகள் வாசித்துக் காட்டினாள்.

மத்தியானம் பெடியன் போன் எடுத்தான். பூரணம் வீட்டுக் கிணறு இப்போதும் இருக்குமா என்று கேட்டான். எனக்கு இருமல் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

நானே பெடியனுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மம்மாவுக்குச் சகோதரங்கள் இருந்தவையோ, தம்பி?"

"ஒரு அண்ணர் எண்டு சொல்லுவா. கூத்தில ராசா வேசம் கட்டி மேடையால விழுந்தவராம். பிறகு கால் இழுத்துத்தான் நடந்தவராம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பா, பிறகு அழுவா."

அந்த ராசா விழுந்ததைப் பார்த்தவன் நான். முன்வரிசையில் மண்ணில் இருந்தேன். முடி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். எழும்பி, நொண்டியபடியே பாட்டை முடித்தார். செல்லத்துரை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மருதவெளி. அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். பூரணம்.

மருதவெளி. போன பைனலில் எங்களுக்கு நாலு அடித்தவர்கள். அவர்களின் பெரியவர் வால்தம்ஸ்டோவில் இருக்கிற சின்னராசா, என் வயதுக்காரன். செல்லத்துரையின் மகன். பூரணம் அவனுக்குச் சொந்த மாமி.

பெடியனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பாலாவுக்குச் சொன்னேன். "வாறன்" என்று மட்டும் சொன்னான்.

ஜனவரி 21, புதன்

மழை விட்டு வெயில், ஆனால் சூடு இல்லை. பாலா கடையைப் பூட்டிவிட்டு வந்தான். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"உனக்கு மட்டும்."

"நல்லது. பதிவு வாற ஞாயிறு. வாயைத் திறக்காதேங்கோ."

"தெரிஞ்ச பிறகு எப்பிடி எழும்பிப் பொய் சொல்லுறது?"

"பொய் சொல்லச் சொல்லேல்லை, அண்ணை. ஒருத்தரும் கேட்காயினம். கேட்டால் யோசிச்சுச் சொல்லுறன் எண்டுங்கோ. கோடை முடியட்டும். பிறகு நானே அவனைச் சின்னராசா வீட்டில கொண்டுபோய் விடுறன், பழத்தட்டோட. அவைக்கும் சந்தோசம், எங்களுக்கும் கப்."

"அதுவரைக்கும் அவன்?"

"இவ்வளவு காலம் இருந்தவன்தானே."

மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.  பாலாவின் குரல் இறங்கியது.

"அவனுக்குச் சப்பாத்து வாங்கிக் குடுத்தது நான். சொலிசிற்றரிட்டக் கூட்டிக்கொண்டு போனது நான். மருதவெளியார் எங்க நிண்டவை?"

"அவைக்குத் தெரியாதெல்லோ. அதுதான் சொல்ல வேணும் எண்டுறன்."

"கப்பைக் கண்டிட்டுச் சாக வேணும் எண்டு போன வருசம் சொன்னது ஆர்?"

நான்தான். அதே கதிரையில் இருந்து சொன்னேன்.

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போனான். அவன் சொன்னதில் பொய் இல்லை. பெடியனை முதலில் தேடிப் போனது அவன்தான். இவன் கம்பத்துக்குள் நின்றால் கப் எங்களுக்கு, அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. பாரிஸ்காரன் வலது காலால் அடிக்கப் பழகத் தேவையில்லை. சுவிஸ்காரர் நடந்து திரிந்தாலும் காணும்.

மகள் கேட்டாள், "உங்களுக்கேன் அப்பா இந்த வேலை? கழகம் பாக்கட்டும்." கழகம் பார்த்துவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

காலைச் சாப்பாட்டுக்கு முன்பே சின்னராசாவுக்கு எடுத்தேன். சாப்பிட்டால் எடுக்கமாட்டேன் என்று தெரியும்.

"என்ன மயில், புதுக் கோல்கீப்பராம். போன வருசம் நாலு விட்டவரை என்ன செய்தனீங்கள், எங்களுக்கு வித்துப்போடுங்கோவன். நல்லா விடுறார்."

"சின்னராசா, இரு. இருந்துகொண்டு கேள்."

சொன்னேன். பூரணத்தின் பெயர் சொன்ன இடத்தில் சத்தம் நின்றது. வைத்துவிட்டானோ என்று போனைப் பார்த்தேன்.

"மாமியின்ர ஆக்கள் ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டெல்லோ இருந்தனாங்கள்," என்றான். "வருசா வருசம் எல்லாருக்கும் சேர்த்துத் திவசம் குடுக்கிறனாங்கள். இவனுக்கும்."

பிறகு அவனே கேட்டான்.

"பேர் என்ன?"

"நிரோஷன்."

"ஹோட்டலில என்ன குடுக்கிறாங்கள்? சோறு குடுக்கிறாங்களோ?"

பந்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாளைக்கே பார்க்கிங் போகிறானாம்.

பிறகு பெடியனுக்கு.

"தம்பி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். நீ கொன்றையடி இல்லை."

"அப்ப நான் ஒரு ஊரும் இல்லையோ, ஐயா?"

"மருதவெளி. வாய்க்காலுக்கு அங்கால். உனக்கு ஆக்கள் இருக்கினம். அம்மம்மாவின்ர அண்ணற்ற மகன் நாளைக்கு வாறார்."



"இது சரிதானே, ஐயா? திரும்பவும் மாத்தமாட்டியளோ?"

மாற்றமாட்டேன் என்றேன். அந்தக் கேள்வி நாள் முழுக்க என்னோடு இருந்தது. 

ஜனவரி 23, வெள்ளி

கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மகள்தான் பார்த்துச் சொன்னாள். போனில் அந்தச் சின்ன எழுத்து எனக்கு வாசிக்க வராது, படம்தான் பார்ப்பேன். பரவாயில்லை. கொஞ்சம் பரவாயில்லை.

பாரிஸ்காரன் இன்னும் காசு கூட்டிக் கேட்கிறானாம். கொடுக்கப் போகிறார்கள்.

தலைமயிர் வெட்டினேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பதிவு நாள். பாலாவின் வான் வரவில்லை. ரியூப் ரயில், பிறகு பஸ், மகளும் கூட வந்தாள். வால்தம்ஸ்டோவில் பள்ளிக்கூட மண்டபம். ஹீற்றர் வேலை செய்யவில்லை, எல்லாரும் ஜாக்கெட்டோடு. எங்கள் ஆட்கள் இருந்த வரிசையில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள், ஆனால் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. மகள் இருந்தாள்.

நிரோஷன் கடைசி வரிசையில். புதுச் சேட், மடிப்புக் கலையவில்லை. ஒரு பக்கம் சின்னராசா, மறு பக்கம் சின்னராசாவின் மகள். அவள் அவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், கையைப் பிடித்தபடி. அவன் முன்னுக்கே பார்த்தபடி இருந்தான்.

பெயரை எங்கள் பட்டியலில் இருந்து பாலா எடுக்கவில்லை. கடைசிவரை பார்த்திருக்கிறான். செயலாளர் வாசித்தார்.

"கொன்றையடி. கோல்கீப்பர், நிரோஷன்."

மருதவெளிப் பக்கம் ஒரு கை உயர்ந்தது. சின்னராசாவின் கை இல்லை, வேறு யாரோ இளந்தாரி. செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"கொன்றையடிப் பெரியவர் சொல்லுங்கோ. பெடியன் எந்த ஊர்?"

எழும்ப நேரம் பிடித்தது. முன்கதிரையில் பாலா. அவன் பிடரி மட்டும் தெரிந்தது. திரும்பவில்லை.

"எங்கட ஊர் இல்லை," என்றேன். "எங்கட ஊர் எண்டு முதல் சொன்னது நான்தான். அது பிழை. பெடியன் மருதவெளி. நாகமுத்துவின்ர மகள் பூரணம், ராசா வேசம் கட்டின செல்லத்துரையின்ர தங்கச்சி. பூரணத்தின்ர மகள் வதனி. வதனியின்ர மகன் நிரோஷன்."

எங்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. "கிழவனுக்கு வயது போய் அறளை பேந்திட்டுது," என்று யாரோ. செயலாளர் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார்.

கடைசி வரிசையில் கதிரை இழுபட்ட சத்தம். பெடியன் எழும்பி நின்றான்.

"ஐயா, இன்னொருக்கால் சொல்லுங்கோ."

பின்னுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று செயலாளர் மைக்கை என் பக்கம் தள்ளினார்.

நாகமுத்துவில் இருந்து தொடங்கித் திரும்பச் சொன்னேன், ஆறுதலாக.