எதிர்மலையில் ஆள் எண்ணிய பிள்ளைக்கு இணையவழித் தேர்வில் வசதி கேட்டு மனு

அனுப்புநர்:
ம. வேலுசாமி (வயது 57),
ரோலர் மெஷின் முதன்மை இயக்குநர் (ஃபாக்டரியில் இந்தப் பதவிக்கு இன்னும் இந்தப் பெயர் வைக்கவில்லை),
ஏழாம் லயன், பாறைக்கொம்பை எஸ்டேட்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: ஒன்பதாம் வகுப்பு மாணவி ர. ஸ்ரீமதிக்கு 28.11.2025 அன்று நடக்கவுள்ள இரண்டாம் இணையவழித் தேர்வில் தேவையான வசதிகள் செய்து தர வேண்டுதல் – பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காதது – தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா (அம்மாவாக இருந்தாலும் அதே மரியாதை),

1. நான் எட்டாம் வகுப்பைப் பாதி வரை படித்தவன். மீதிப் பாதியில் எனக்குச் சொல்லித் தர ஒன்றும் இல்லை என்று வாத்தியாரே அனுப்பிவிட்டார். எங்கள் எஸ்டேட் ஆபீசுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது அந்தப் பெட்டியை லாரியிலிருந்து தலையில் வைத்து இறக்கியவன் நானே. ஆகவே கணினித் துறையில் எனக்கு இருபத்தாறு ஆண்டு அனுபவம் உண்டு என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. ஸ்ரீமதி என் தங்கை மருதாம்பாளின் மகள். தங்கை கொழுந்து பறிக்கிறாள். மாப்பிள்ளைக்குக் குந்தா மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை; மாதம் இரண்டு முறை ஊடு வந்து சேர்ந்தால் அதிகம். எங்கள் வழக்கத்தில் தொட்டில் கட்டுவது முதல் காது குத்துவது வரை தாய்மாமன் கைதான் முதலில் பட வேண்டும். பள்ளிக்கூடக் காகிதத்திலும் அப்படித்தான். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்ற இடத்தில் ஒன்பது ஆண்டுகளாக என் கையெழுத்தே இருக்கிறது. தங்கை பேனாவைத் தொட்டதில்லை. நான் தொட விட்டதில்லை.

3. கடந்த ஜூன் மாதம் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. இவ்வாண்டு சில தேர்வுகள் கணினியில் நடக்கும், எந்தப் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று வீட்டில் உள்ளவர்கள் எழுதித் தந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்வோம் என்று அதில் கண்டிருந்தது. பக்கத்து வீட்டு கொர்னேலியஸ் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அவர் மகள் ஷைனாவும் ஸ்ரீமதியும் ஒரே வகுப்பு. ஷைனாவுக்குப் பிறவியிலேயே வலது கை பலமில்லை. அவர் அந்தப் படிவத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தார். நான் எங்கள் படிவத்தில் எழுதியதைக் கீழே ஏழாம் பத்தியில் எழுதியுள்ளேன். அங்கே வரும்வரை தாங்கள் என்மேல் நல்ல எண்ணத்துடன் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

4. முதல் தேர்வு 24.10.2025 அன்று நடந்தது. பிள்ளைக்குக் குடை கொடுக்கப் போனவன் கணினி அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷைனாவுக்குத் தனி மேசை. அகலமான கீபோர்டு. சொல்லும் விடையை அழுத்தித் தர ரேச்சல் டீச்சர் பக்கத்தில். நேரமும் இருபது நிமிடம் கூடுதல். போதாததற்கு, அந்தப் பிள்ளையின் முழங்கைக்குக் கீழே ரேச்சல் டீச்சர் ஒரு சின்னத் தலையணையை வைத்தார். தலையணை, ஐயா! எங்கள் பிள்ளையோ ஜன்னலோரம், வெளுத்த திரையில் மூக்கு முட்டும்படி உட்கார்ந்திருந்தது. ஷைனா நாற்பதுக்கு முப்பத்து நான்கு. ஸ்ரீமதி பதினோரு கேள்வி முடிப்பதற்குள் நேரம் முடிந்து திரை தானாக மூடிக்கொண்டது. காதால் கேட்டே அறிவியலில் வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை அவள். இரண்டு தேர்வு மதிப்பெண்களையும் கூட்டித்தான் உதகையில் நடக்கும் சிறப்பு அறிவியல் வகுப்புக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைத் தவிர அவள் இதுவரை என்னிடம் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

5. அன்று மாலை டீக்கடை பெஞ்சில் கொர்னேலியஸ், "ஏற்பாடெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க வேலுசாமி. தலகாணி வரைக்கும் யோசிச்சிருக்காங்க" என்றார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவர் வாசலில் டேலியாத் தொட்டி ஒன்று வைத்தால் நான் மூன்று வைப்பவன் (என் டேலியாவைப் பார்க்க ஊட்டி மலர்க் காட்சிக்காரர்களே வண்டி கட்டி வந்தார்கள், அன்று நான் ஊரில் இல்லை). எனவே தங்களுக்கு உடனே ஒரு மனு எழுதினேன். அதில் கூடுதலாக நாற்பது நிமிடம், ஷைனாவுடையதைவிட ஒரு சாண் அகலமான கீபோர்டு, இரண்டு டீச்சர், முழங்கைக்கு ஒன்றாக இரண்டு தலையணை ஆகியவற்றைக் கோரியிருந்தேன். அந்த மனு தங்களுக்கு வந்து சேரவில்லை. காரணம் பின்வருமாறு.

6. மனுவை ஸ்ரீமதிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "ஏனுங்க மாமா, இதெல்லாம் ஷைனாவுக்கு வேண்டியது. அதயே நீங்க ரெண்டு மடங்காக் கேட்டிருக்கீங்க. எனக்குக் கை நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். சரி, உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க ஃபார்ம்ல அப்படி எழுதிக் குடுத்ததுக்கு அப்பறம் நான் என்னத்தங்க மாமா சொல்றது?" என்றாள்.

7. நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "எந்த உதவியும் தேவையில்லை. எங்கள் பிள்ளை டீக்கடை வாசலில் நின்றபடியே எதிர்மலையில் கொழுந்து பறிப்பவர்களை ஒருவர் விடாமல் எண்ணுவாள்." ஐயா, இதை நான் பொய்யாக எழுதவில்லை. சனிக்கிழமைதோறும் டீக்கடையில் எல்லோர் முன்னாலும், முக்கியமாகக் கொர்னேலியஸ் முன்னாலும், "அம்முணி, எதிர்மலையில எத்தன பேரு?" என்று கேட்பேன். முப்பத்தொன்று, இருபத்தெட்டு என்று பட்டென்று சொல்வாள். கங்காணி கணக்கும் அதுவாகவே இருக்கும். ஷைனாவுக்குக் கை இப்படி, எங்கள் பிள்ளைக்குக் கண் பருந்துக் கண் என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன். ஷைனா அப்போது பக்கத்தில்தான் இருந்தாள்.

8. நவம்பர் முதல் தேதி, சனிக்கிழமை, வழக்கம்போலக் கேட்டேன். "இருபத்தேழுங்க மாமா" என்றாள். மழை பிடித்துக்கொண்டதால் எல்லோரும் எடை போடும் கொட்டகைக்கு இறங்கிவிட்டிருந்தார்கள். மலையில் ஒரு தலைகூட இல்லை. கொர்னேலியஸ் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நான் கேட்க வேண்டியதைக் கேட்டிருப்பேன், இந்த மனுவும் வேறு மாதிரி இருந்திருக்கும். அவர் டீக்குத் தொட்டுக்கொள்ள வாங்கிய வர்க்கி பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து ஸ்ரீமதி கையில் கொடுத்துவிட்டு, மழை இந்த வருடம் அதிகம் என்றார்.

9. வரும் வழியில் விசாரித்தேன். எத்தனை பேர் மலையில் என்று காலையில் தாயிடம் கேட்டு வைத்துக்கொள்வாளாம். ஆறாம் வகுப்பிலிருந்தே இப்படித்தானாம். ஏன் அம்முணி என்று கேட்டதற்கு, "கொர்னேலியஸ் மாமா முன்னாடி நீங்க தோத்துப் போயிருவீங்கல்ல" என்றாள். கரும்பலகையும் அவளுக்குத் தெரிவதில்லையாம். ஷைனாதான் பக்கத்திலிருந்து மெதுவாகப் படித்துச் சொல்வாளாம். மறு திங்கட்கிழமை குன்னூரில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடி போட்டாலும் பாதிப் பார்வைதான், வெளிச்சம் அதிகமானால் அதுவும் கலைந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தார்.

10. இப்போது கோருபவை ஸ்ரீமதி சொல்லச் சொல்ல நான் எழுதியவை. என் சரக்கு எதுவும் சேர்க்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அதுவும் பெரிதாக. ஜன்னலுக்கு முதுகு காட்டும் இருக்கை. படமும் வரைபடமும் உள்ள கேள்விகளில் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவர். ஷைனாவுக்குக் கொடுத்த அதே இருபது நிமிடம். ஒரு நிமிடமும் கூடுதலாக வேண்டாம். தேர்வுக்கு முன்பே அதே கணினியில் ஒரு நாள் உட்கார வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது ஷைனா சொன்ன யோசனை. அவளுக்கு முதல் ஒத்திகையில் கீபோர்டு வயர் மேசை வரை எட்டவில்லையாம். தலையணை வேண்டாம்.

11. தலைமையாசிரியை ஈவ்லின் அம்மையார் மேல் குறையில்லை. புகார் சொல்லப் போன என் முன்னால் என் கையெழுத்திட்ட படிவத்தையே எடுத்து வைத்தார்; நான் தேநீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன். உதவி தேவைப்படுவோர் பட்டியல் தங்கள் அலுவலகத்துக்குப் போய்விட்டதால், இனிப் பெயர் சேர்க்கத் தாங்கள்தான் எழுத்தில் அனுமதி தர வேண்டும் என்றார்.

12. ஆகவே, மேற்படி படிவத்தில் பருந்தும் எதிர்மலையும் சேர்ந்த என் வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் "ஸ்ரீமதிக்குக் கண் சரியாகத் தெரியாது" என்று எழுதிக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கொர்னேலியஸ் தன் படிவத்தின் முதல் வரியாக "என் மகளுக்கு வலது கை பலமில்லை" என்று எழுதியிருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினோம். டேலியாவுக்கும் தலையணைக்கும் பட்ட பொறாமையெல்லாம் சேர்த்து வைத்தாலும் அந்த ஒரு வரிமேல் எனக்கு இருக்கும் பொறாமைக்கு ஈடாகாது. அவர் அதை ஜூனில் எழுதினார். எனக்கு நவம்பர் ஆகிவிட்டது. அந்த ஐந்து மாதத்தைத் தங்களாலும் திருப்பித் தர முடியாது. தேர்வுக்கு இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. அது போதும் என்று பிள்ளை சொல்கிறாள்.

இணைப்பு: கண் மருத்துவர் சான்று, ஜூன் மாதப் படிவத்தின் நகல்.

நாள்: 14.11.2025
இடம்: பாறைக்கொம்பை எஸ்டேட்

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

ர. மருதாம்பாள்
(தாய் – முதல் கையெழுத்து)

ம. வேலுசாமி
(தாய்மாமன் – இரண்டாவது)