கூறை உடுத்த பொம்மை ராணி

டோர்செட் பார்க், ஸ்காபரோ
12 ஒக்டோபர் 2024

அன்புள்ள துர்க்காவுக்கு,

நான் சுகம். நீயும் மெல்பேர்னில் சுகமாய் இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு கௌசியிடமிருந்து என்ன கடிதம் என்று உறையை மூலையில் போட்டுவிடாதே. விசயம் ஜென்னைப் பற்றியது.

எங்களோடு ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தாளே, கைக்குள் நுழைத்து ஆட்டும் பொம்மைகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருந்த தாய்வான்காரி, அவள்தான். போன கிழமை என் வாசலில் வந்து நின்றாள். ஊருக்குத் திரும்பிப் பொம்மலாட்டம் நடத்தியவள், பிறகு தேர்தலில் வென்று நகரசபைக்குப் போய், ஆறு வருடம் அந்த நகரத்தின் கலாசாரத் துறைத் தலைவியாகவும் இருந்திருக்கிறாள். ஒத்திகை என்று சோற்றை அடிப்பிடிக்க விட்டவள் நாற்பது பேரை வைத்து வேலை வாங்கினாளாம்!

பழைய சீனி ஆலைக் கிடங்கு ஒன்றைப் பொம்மை அருங்காட்சியகமாக்கினாள். புது மேயர் அதை இடித்துக் கடைத்தொகுதி கட்டப் பார்த்திருக்கிறார். அதற்குக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று பதவியையே விட்டுவிட்டாள். கேட்டதும் உன் பிடிவாதம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. தன் சொந்தப் பொம்மைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அதில் அந்த ராணியும் இருக்கிறாள், துர்க்கா. உன் கல்யாணம் குழம்பிய கிழமை, உடுக்காமலே கிடந்த கூறைச் சேலையை வெட்டி நீ தைத்த உடுப்போடு. சிவப்பு மங்கவே இல்லை. அருங்காட்சியகத்தில் நடுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்களாம். ‘உடை: துர்க்கா, டொரோண்டோ’ என்ற அட்டையையும் காட்டினாள்.

அன்றைக்கு நான் உன்னைப் பார்த்து, “கூறையில கத்திரிக்கோல் வைச்சிட்டாய், இனி உனக்கொரு வாழ்வு வராதடி” என்று கத்தினேன். மறுநாள் நீ பெட்டியோடு போய்விட்டாய். நீ இன்னும் தனியாகத்தான் இருக்கிறாய் என்று ஆட்கள் சொல்லும்போதெல்லாம் என் வாயை நானே திட்டிக்கொண்டேன். ஜென்னிடம் சொல்லி அழுதேன். அந்தக் கூறையைப் பார்த்து ஊர் ஊராய்ப் பிள்ளைகள் கைதட்டினார்கள், எங்கள் மூவரிலும் அதிகம் மேடையேறியது அதுதான் என்று சிரித்தாள். நான் சொன்னது பிழை, துர்க்கா. மிகப் பெரிய பிழை.

ராணியை உனக்கு அனுப்பச் சொல்லித் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். ராணி இப்போது ஹோலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பார்சலில் போடலாம். நான் போட மாட்டேன். வலது கையில் தையல் கொஞ்சம் விட்டிருக்கிறது, அதையும் நான் தொடவில்லை. நீ விட்டுப்போன ஊசி நூல் டப்பா என்னிடம்தான் இருக்கிறது. வந்து தைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போ.

நீ நல்லாய் இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கௌசி